முதுகு வலி வராமல் பார்த்துக்கொள்வது எப்படி: வாசல் கோலம் முதல் கேஸ் சிலிண்டர் வரை

இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் நம் வீடுகளில் முதுகைப் பற்றிய பேச்சே தொடங்கும். தைலம், பெல்ட், பலகைப் படுக்கை, ‘இனி குனியவே குனியாதே’ என்ற கண்டிப்பு எல்லாம் அப்போதுதான் வரும். அவற்றில் பல, முதுகை இன்னும் பலமிழக்கச் செய்து அடுத்த வலிக்கு வழி விடுபவை. முதுகு லேசில் கெட்டுப்போகும் உறுப்பு என்ற பயம்தான் முதலில் விலக வேண்டும். சுமக்கவும் வளையவும் திரும்பவும்தான் அது உண்டானது. அடிக்கடி அசைந்தால், கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏற்றினால், ஒரே நிலையில் நெடுநேரம் வைக்காமல் இருந்தால், பெரும்பாலானவர்களின் முதுகு நன்றாகவே உழைக்கும். அதை ஒரு சாதாரண நாளின் வேலைகளுக்குள்ளேயே எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் இதைச் சரிபார்த்துவிடுங்கள்

ஏற்கெனவே வலி இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது ஆகியவை முதுகுத்தண்டின் அடிப்பக்கத்து நரம்புக் கொத்து நசுங்குவதற்கான அறிகுறிகள். அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபடுகிறது என்றாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

முதுகு வலியோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைத்தே ஆக வேண்டும். இருமல் இல்லாமலும் அது வரும். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், மாதவிடாய் நின்றபின் லேசாக வழுக்கி விழுந்து அதிலிருந்து வலிக்கிறது என்பவர்கள், இவர்களும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது.

இன்னொரு வகை உண்டு. இளவயதுக்காரர், விடிகாலையில் முதுகு விறைத்துப்போய் அரை மணிக்கு மேல் ஆகிறது, ஓய்வெடுத்தால் வலி கூடுகிறது, நடமாடினால் குறைகிறது, மூன்று மாதத்துக்கு மேலாக இப்படியே இருக்கிறது. இது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். மூட்டு வாதநோய் மருத்துவரை (ருமட்டாலஜிஸ்ட்) பார்க்க வேண்டிய வலி இது. ஆண்டுக்கணக்கில் ‘வாயுப் பிடிப்பு’ என்றே நினைத்துச் சமாளித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் உங்கள் வலி, பத்தில் ஒன்பது பேருக்கு வரும் சாதாரண வகைதான். அடுத்ததுக்குப் போகலாம்.

ஜவ்வு பற்றிக் கொஞ்சம்

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று அசையக்கூடிய முதுகெலும்புகள் 24. அவற்றுக்கு இடையே இருப்பதைத்தான் ஜவ்வு என்கிறோம், டிஸ்க் என்கிறோம். வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் கிடையாது என்றே சொல்லலாம். பஞ்சு தண்ணீரை உறிஞ்சி, அழுத்தினால் விடுவது போல, அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் அதற்குள் நீரும் ஊட்டமும் போய் வருகின்றன. நடப்பதும் அசைவதும் ஜவ்வுக்கு நல்லது என்று சொல்வது இதனால்தான். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது அது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதும் இதனால்தான். மேல் உடம்பின் பாரம் வந்து இறங்குவது இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளில். ஜவ்வு பிதுங்கும் தொல்லையும் பெரும்பாலும் அந்த இரண்டில்தான்.

ஸ்கேன் எடுத்து ‘ஜவ்வு தேஞ்சிருக்கு’ என்று எழுதி வந்தவுடன் உடைந்துபோகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டி 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. எந்தத் தொல்லையும் இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். தலைமுடி நரைப்பதற்கு யாரும் படுத்த படுக்கையாவதில்லை. ஸ்கேனில் தெரியும் தேய்மானத்துக்கும் உங்கள் வலிக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

முதல் படி: எழுந்ததும் ஒரு மணி நேரம்

உப்பியிருக்கும் ஜவ்வோடு முன்னால் குனிந்தால், பகலில் குனிவதைவிட அதன்மேல் பல மடங்கு இழுவை விழுகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை எழுந்தபின் முதல் சில மணி நேரம் குனியாமல் மட்டும் இருக்கச் சொல்லி 1998-இல் வெளியான ஆய்வில், அந்த ஒரு மாற்றமே வலியைக் கணிசமாகக் குறைத்தது. மருந்தும் இல்லை, செலவும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் விடிந்ததும் செய்கிற முதல் வேலைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, குனிந்து கோலம் போடுவது. மூன்றும் அந்த நேரத்தில், மூன்றும் முழுக் குனிவு.

கோலத்தை விட வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். பாயில் படுப்பவர்கள் ஒருக்களித்து, முட்டி போட்டு, அப்புறம் எழலாம். பல் தேய்க்கும்போது ஒரு கையை வாஷ்பேசின் விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். பால் காய்ச்சுவது, காபி போடுவது, சாமி விளக்கேற்றுவது, வீட்டுக்குள் நடமாடுவது போன்ற நின்று செய்யும் வேலைகளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து வாசலுக்குப் போகலாம்.

விளக்குமாற்றில் ஒரு நீளக் குச்சியைக் கட்டிவிட்டால் நிமிர்ந்து பெருக்க முடியும். கோலத்தைக் குத்தவைத்துப் போடலாம், ஒரு முட்டியைக் கீழே ஊன்றியும் போடலாம். மார்கழியில் பெரிய கோலம் போடுகிறவர்கள் நடுவே நாலைந்து முறை நிமிர்ந்து, கைகளை இடுப்பில் வைத்து லேசாகப் பின்னால் வளைந்து, அப்புறம் தொடருங்கள். காலையில் யோகாசனம் செய்பவர்களும் முன்னால் குனியும் ஆசனங்களைக் கடைசிக்குத் தள்ளலாம். முதுகு வலி உள்ளவர்கள் சூரிய நமஸ்காரத்தை மாலைக்கு மாற்றிக்கொண்டாலும் நஷ்டமில்லை.

இரண்டாம் படி: பாரம் தூக்குவது

குனிவதில் இரண்டு வகை. முதுகை வளைத்துக் குனிவது ஒன்று, இடுப்பு மூட்டில் மடிந்து குனிவது இன்னொன்று. இரண்டாவதைப் பழக ஒரு நீளக் குச்சி போதும். அதை முதுகோடு செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றிலும் குச்சி படட்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் சாத்தப்போவதுபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனியுங்கள். மூன்று இடமும் குச்சியை விட்டு விலகக் கூடாது. தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். தினமும் பத்துமுறை என்று ஒரு வாரம் பழகினால், பீரோவின் அடித்தட்டிலிருந்து புடவை எடுக்கும்போதுகூட உடம்பு தானாகவே அப்படி மடியும்.

ஆனால் ‘சரியாகத் தூக்கும் முறை’யைக் கற்றுக்கொடுத்துவிட்டால் மட்டும் வேலையிடங்களில் முதுகு வலி குறைவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாரத்தைக் குறைக்க வேண்டும், உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும், தூக்கியபடி இடுப்பை முறுக்கக் கூடாது, தூக்கும் தசைக்குப் பலம் இருக்க வேண்டும். இவைதான் வித்தியாசம் செய்கின்றன. அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல நிறுவனம், எல்லாம் வசதியாக அமைந்த நிலையிலேயே ஒருவர் தூக்க 23 கிலோதான் வரம்பு என்று வைத்திருக்கிறது. தரையிலிருந்தோ உடம்பை விட்டுத் தள்ளியோ தூக்கினால் அந்த வரம்பு இன்னும் இறங்கும். இதை வைத்து நம் வீட்டுப் பாரங்களைப் பாருங்கள்.

20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்கு மேல். அதைத் தரையிலிருந்து தூக்கி, நெஞ்சு உயரத்தில் கவிழ்த்து, டிஸ்பென்சரில் பொருத்துவதுதான் வீட்டிலேயே மோசமான வேலை என்பேன். பாரம், கைநீட்டல், முறுக்கு மூன்றும் அதில் ஒன்றாக வருகின்றன. கேன் கொண்டுவரும் தம்பியையே ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கேன் வாயில் மாட்டும் கைப்பம்பு ஒன்று வாங்கிவிட்டால் கவிழ்க்கவே வேண்டாம். பம்பு இல்லையென்றால் ஸ்டூல் மேல் இருக்கும் கேனை அப்படியே சாய்த்துச் சொம்பில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தூக்கவே தூக்காதீர்கள். சாய்த்து, அடிவளையத்தில் உருட்டி நகர்த்துங்கள். அடியில் சக்கரம் வைத்த ஸ்டாண்டு பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். 25 கிலோ அரிசி மூட்டையை வாங்கிய அன்றே இரண்டு மூன்று டப்பாக்களாகப் பிரித்து, இடுப்பு உயரத்தில் வையுங்கள்.

தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் வைத்து நெடுந்தூரம் நடக்கும் ஊர்களில், பக்கத்தை மாற்றி மாற்றி வைப்பது நல்லது. பெரிய குடம் ஒன்றுக்குப் பதில் இரு கையிலும் சமமாக இரண்டு சிறிய குடம் எடுத்தால் முதுகெலும்பு ஒரு பக்கம் சாயாது. குழந்தையைத் தொட்டிலிலிருந்தோ தரையிலிருந்தோ தூக்கும்போது ஒரு முட்டியைக் கீழே ஊன்றி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, அப்புறம் எழுங்கள்.

குழந்தை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்துதான் வலி’ என்று சொல்லாத தாய்மார்கள் குறைவு. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஆனால் முதுகில் மயக்க ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்ட நாள் முதுகு வலி இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசைகள் மீளாமல் இருப்பது, தூக்கமின்மை, கூன்போட்டு உட்கார்ந்து பாலூட்டுவது, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்வது இவைதான் உண்மையான காரணங்கள். இதில் நல்ல செய்தி என்னவென்றால், இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். பாலூட்டும்போது மடியில் இரண்டு தலையணை வைத்துக் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள், நீங்கள் குழந்தையை நோக்கிக் குனியாதீர்கள். மருத்துவர் சரி என்றதும் கீழே வரும் பயிற்சிகளைத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: சமையலறையும் துணிக்கல்லும்

காய் நறுக்கும் மேடை உங்கள் முழங்கையைவிட ஒரு சாண் அளவுக்குள் தாழ்ந்து இருக்கலாம். அதற்கும் கீழே போனால் குனிந்தே நிற்பீர்கள். கட்டிய மேடையை இடிக்க முடியாது, சரி. தடிமனான பலகைமேல் வைத்து நறுக்கினால் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரும். தொட்டிக்குள் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்துத் தேய்த்தால் ஆழமான சிங்க்கும் உயர்ந்துவிடும். மேடையடியில் ஒரு சிறு மணை போட்டு, கால்களை மாற்றி மாற்றி அதன்மேல் வைத்து நில்லுங்கள். இடுப்பில் இருக்கும் இழுப்பு உடனே தளர்வது தெரியும்.

அரிவாள்மனையில் தரையில் உட்கார்ந்து நறுக்குவது தவறில்லை. ஒரு மணி நேரம் எழாமல் நறுக்குவதுதான் தவறு. விசேஷத்துக்கு மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கும்போது சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள், பிட்டத்தின் அடியில் மடித்த போர்வை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைப்பவர்கள் ஊறிய பெட்ஷீட்டை முழுதாக வாளியிலிருந்து இழுக்காமல் பாதி பாதியாக எடுங்கள். துவைத்த துணி வாளியைக் கொடிக்கு அருகே ஸ்டூலில் வைத்தால் ஒவ்வொரு துணிக்கும் குனிய வேண்டாம். வீடு துடைப்பதற்கு நீளக் கைப்பிடி உள்ள மாப் வாங்கிக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒரே நாளில் நாலைந்து வீடு குனிந்து துடைக்கும் முதுகு அவருடையது.

நான்காம் படி: உட்காருவது, ஓட்டுவது

நிமிர்ந்து விறைப்பாக உட்கார வேண்டும் என்பதை மறந்துவிடுங்கள். எந்த நிலையும் நெடுநேரம் நீடித்தால் முதுகுக்கு ஆகாது. பின்னால் சாயலாம், காலை நீட்டலாம், தரையில் சம்மணம் போடலாம், எல்லாம் சரிதான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்தால் போதும். தண்ணீரைச் சிறு டம்ளரில் வைத்துக்கொண்டால் நிரப்பவாவது எழுவீர்கள். லேப்டாப்பை நாலு தடித்த புத்தகத்தின் மேல் ஏற்றி, தனி கீபோர்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் பட வேண்டும். பின்பாக்கெட்டில் பர்ஸோடு உட்காராதீர்கள்.

பைக் ஓட்டுபவர்கள் டயர் காற்றை நிறுவனம் சொன்ன அளவில் வைத்து, ஷாக் அப்சார்பரைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தடையில் பிட்டத்தைச் சீட்டிலிருந்து லேசாக உயர்த்தி, குலுக்கலைக் காலில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் கடைசி வரிசை வேண்டாம், குறிப்பாக எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கு. பின்சக்கரத்துக்கும் அப்பால் இருக்கும் அந்தச் சீட்டில் ஒரு பள்ளத்துக்கே முதுகெலும்பு நசுங்கி முறிய வாய்ப்பு உண்டு.

ஐந்தாம் படி: பலம் ஏற்றுவது

இதை மட்டும் செய்து மற்றதை விட்டாலும் பலன் உண்டு. இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தால் பலன் பாதிதான்.

முதலில் நடை. முதுகு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படிப்படியாக நடையைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு வலி திரும்ப வரச் சராசரியாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி என்ற இடத்துக்கு வந்தால் போதும். வெயில் ஊர்க்காரர்களுக்கு மொட்டை மாடியில் மாலை நடையே நல்லது.

அதோடு வாரத்தில் மூன்று நாளாவது இந்த நான்கையும் செய்யுங்கள். கால் மணி நேரம் போதும்.

பாலம்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையில் வையுங்கள். பிட்டத்தை இறுக்கி, தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே கோடாக வரும்படி இடுப்பை உயர்த்துங்கள். ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை.

கை கால் நீட்டல்: குழந்தை தவழ்வதுபோல் நின்று, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டுங்கள். எட்டு விநாடி அப்படியே இருந்து பக்கம் மாற்றுங்கள். முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டால் இடுப்பு சாயாது. பக்கத்துக்கு ஆறு முறை.

பக்கத் தாங்கல்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, மடித்த முட்டிகளின் மேல் இடுப்பைத் தூக்குங்கள். பத்து விநாடி, பக்கத்துக்கு நான்கு முறை. பழகிய பிறகு காலை நீட்டிச் செய்யலாம். இதையும் முந்தையதையும் சேர்த்து முதுகு வலிக்காரர்களிடையே பரப்பியவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில்.

உட்கார்ந்து எழுதல்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை. சுலபமானதும் இரண்டு கிலோ, அப்புறம் ஐந்து கிலோ பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுங்கள். பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

செய்யும்போது வலி கொஞ்சம் கூடி, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வலி காலுக்குள் இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

ஆறாம் படி: படுக்கை, சாப்பாடு

கட்டாந்தரையும் பலகையும்தான் முதுகுக்கு நல்லது என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. ஸ்பெயினில் 313 முதுகு வலிக்காரர்களுக்கு இரண்டு வகை மெத்தை கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2003), மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமானதே நன்றாக இருந்தது. கோரைப்பாயில் படுத்து நன்றாகத் தூங்குகிறவர்கள் மாற வேண்டாம். நடுவில் குழி விழுந்த பழைய மெத்தையை மட்டும் மாற்றுங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒன்று.

எலும்புக்குக் கேழ்வரகு நல்லது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு முதுகு வலி அதிகம் வருகிறது. அதையும் விட வேண்டும்.

வலி வந்துவிட்டால்

வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், வசதியான நிலையில் ஒன்றிரண்டு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் படுத்தே கிடக்காதீர்கள். அமெரிக்காவில் 1986-இல் வெளியான ஆய்வில், ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களைவிட இரண்டு நாள் படுத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், வலியில் வித்தியாசம் இல்லை. மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள் நடங்கள். பெல்ட் போட்டுக்கொண்டால் சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் மறுபடி வலி வராமல் அது தடுக்காது.

சுளுக்கு எடுக்கிறேன் என்று இடுப்பைத் திருகவும், காலால் பிறந்தவரைக் கூட்டிவந்து முதுகில் மிதிக்கவும் விடாதீர்கள். எலும்பு மெலிந்திருந்தால், காசநோய் அரித்திருந்தால், ஒரே மிதியில் முறியும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொல்லை, வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

பெரும்பாலான பிடிப்புகள் சில வாரத்தில் தானே தணியும். ஆறு வாரமாகியும் குறையவில்லை அல்லது வலி முழங்காலுக்குக் கீழே பாய்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். போகும்போது எந்த வேலையில் வலி கூடுகிறது, எந்த நிலையில் குறைகிறது, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, கால் மரத்துப்போகிறதா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், ‘இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?’ என்று தயங்காமல் கேளுங்கள். பிசியோதெரபிக்கு அனுப்பினால், மின்சார ஒத்தடத்தோடு முடித்துவிடாமல் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.